சிவனொளிபாதமலைக்குப் பகலில் ஏறுங்கள்

சிவனொளிபாதமலைக்குச் சென்று திரும்பியவர்களிடம் மலை எவ்வாறு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் சூரிய உதயத்தைப் பற்றியே பேசுவார்கள். அதற்கு அடுத்ததாகக் குளிரையும் சன நெரிசலையும் முழங்கால் வலியையும் பற்றிச் சொல்வார்கள். மலையைப் பற்றிச் சொல்வதற்கு அவர்களிடம் அதிகம் இருக்காது. அது அவர்களுடைய குற்றமல்ல. நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்குகின்ற ஒருவர் காணக்கூடியவை இரண்டு மாத்திரமே: மேல்நோக்கி வளைந்து செல்லும் மின்விளக்குகளின் வரிசையும் தனக்கு முன்னால் ஏறுபவரின் குதிகாலும். இறங்கும்போது பகல்தானே என்று கேட்கலாம். இரவு முழுவதும் நித்திரையின்றி, கால்கள் நடுங்க, ஹட்டனுக்குச் செல்லும் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தோடு இறங்குபவரின் கண்கள் படிகளை விட்டு அகலுவதில்லை.

ஆகவே இம்மலைக்குப் பகலில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்பது எனது கருத்து. இது வெறும் சுற்றுலா ஆலோசனை அல்ல. இந்த மலையை யார் சுமக்கிறார்கள், யாருக்கு இது சொந்தம் என்ற கேள்விகளுக்கு இருட்டில் விடை கிடைக்காது என்பதாலேயே இதனைச் சொல்கிறேன்.

இரவில் ஏறும் வழக்கத்துக்குத் தக்க காரணங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வெயில் இல்லை, களைப்புக் குறைவு, உச்சியில் விடியலைக் காணலாம், வானம் தெளிவாக இருந்தால் மலையின் நிழல் மேற்குப்புறத்தில் முக்கோணமாக விழுவதையும் காணலாம். அந்த நிழலைக் கண்டவர்கள் அதனை வாழ்நாளில் மறக்கமாட்டார்கள். ஆயினும் அந்தக் காட்சி நிலைப்பது சில நிமிடங்களுக்குத்தான். ஏழு மணி நேரம் நடந்து, அதில் சில நிமிடங்களை மாத்திரம் கணக்கில் எடுத்துக்கொள்வது அந்த ஏழு மணி நேரத்துக்குச் செய்யும் அநீதி.

மலைக்கான பருவகாலம் மார்கழியில் வரும் உந்துவப் போயா தினத்தன்று ஆரம்பித்து, வைகாசியில் வரும் வெசாக் போயாவுடன் நிறைவடைகின்றது. சித்திரையும் வைகாசியும் தமிழருக்கு இளவேனிற்காலம். தென்மேல் பருவமழை வருவதற்கு முன்னரான இந்த வாரங்களில் காலை வேளைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் சித்திரை மாதத்தில், விடுமுறையோ போயாவோ அல்லாத ஒரு சாதாரண வேலை நாளில், காலை 6 மணிக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கினேன். இரவு ஏறியவர்கள் உச்சியில் நின்று கொண்டிருந்த நேரம் அது. பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

மலையடிவாரத்தை அடைவதற்கு முன்னரே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மஸ்கெலியாவிலிருந்து வரும் வீதி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருகின்றது. 1969 இல் இந்த நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. வரட்சி மிகுந்து நீர்மட்டம் இறங்குகின்ற நாட்களில் அந்தப் பழைய நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும். ஒரு சிறிய தோட்ட நகரத்தில் மூன்றும் அருகருகே இருந்திருக்கின்றன. இரவு பஸ்ஸில் நித்திரையோடு வருகின்றவர்கள் இதனைக் கடந்து செல்வதே தெரியாமல் செல்கின்றனர்.

நல்லதண்ணி என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. இங்கிலீசில் அந்த இடத்துக்கு டல்ஹவுசி என்று ஒரு தோட்டத்துப் பெயரும் உண்டு. ஆனால் மலையேற வரும் இலட்சக்கணக்கான சிங்கள மக்களும் அதனை ‘நல்லதண்ணிய’ என்றே அழைக்கின்றனர். நாட்டின் புனித மலைகளில் முதன்மையானதற்குச் செல்லும் வாசலின் பெயர் தமிழ்ப் பெயராக இருப்பதும், அதனை அனைவரும் இயல்பாக உச்சரிப்பதும், பெயர்ப்பலகைகளுக்காகச் சண்டையிட்டுப் பழகிய எமது நாட்டில் கவனிக்கத்தக்க விடயம்.

மலையின் உயரம் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் செங்குத்து உயரத்தை ஏறிக் கடக்க வேண்டும். படிகள் சுமார் 5,500 என்பார்கள். முதற்பகுதி தேயிலைத் தோட்டத்துக்கூடாகச் செல்கின்றது. காலை வெயில் பட்டதும் கொழுந்தின் மீதிருந்த பனி ஆவியாக எழும்பியது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, வானத்தை மறைத்துக்கொண்டு, நாம் ஏறப்போகும் கூர்மையான பாறைமுகடு நின்றது. இரவில் ஏறுபவர்கள் கண்டறியாத காட்சி இது. தாம் எவ்வளவு செங்குத்தான ஒன்றின் மீது ஏறப்போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் ஏறுவது ஒருவகையில் வசதிதான்.

ஜப்பானிய பௌத்த துறவிகள் அமைத்த வெண்ணிறச் சமாதானத் தாதுகோபத்தைத் தாண்டினால் சீத கங்குல என்னும் சிற்றாறு வருகின்றது. யாத்திரிகர்கள் இங்கு நீராடி, தூய ஆடை அணிந்து மேலே செல்வது மரபு. ‘சீத’ என்றால் குளிர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. சீதையின் பெயர் என்று கொள்பவர்களும் உண்டு. நீர் இரு தரப்பாருக்கும் ஒரே அளவு குளிராகத்தான் இருக்கின்றது. சற்று உயரத்தில் இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் தமது காவியைத் தைப்பதற்காகத் தங்கினார் என்பது ஐதீகம். யாத்திரிகர்கள் ஊசியில் வெண்ணூல் கோத்து, அதனை வழிநெடுகிலும் நீட்டிச் செல்வார்கள். பகல் வெளிச்சத்தில் அந்த ஆயிரக்கணக்கான நூல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாதையோரமெங்கும் வெண்மையாக அசைந்துகொண்டிருந்தன. எந்த நூல் யாருடையது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தேயிலை முடிந்த இடத்தில் காடு தொடங்குகின்றது. 1940 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இந்த வனம், 2010 இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மேலே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகி, பாசி போர்த்துக்கொண்டு, காற்றின் திசையில் வளைந்து நிற்கின்றன. சிங்களத்தில் இம்மலைக்குச் சமனல கந்த என்றொரு பெயருண்டு. மலையின் காவல் தெய்வமான சமனின் பெயரை அது நினைவூட்டுகின்றது. ‘சமனலயா’ என்றால் வண்ணத்துப்பூச்சி என்பதும் பொருள். பங்குனி, சித்திரை மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மலையை நோக்கிப் பறப்பதைத் தாமும் யாத்திரை செல்வதாக மக்கள் சொல்வார்கள். நான் சென்ற அன்று மஞ்சள் நிறத்தில் சிறு கூட்டங்கள் படிகளுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. அவையும் பகலில்தான் யாத்திரை செய்கின்றன.

இறுதிப் பகுதியே கடினமானது. படிகள் ஏணிபோல் நிமிர்ந்துவிடுகின்றன. இருபுறமும் உள்ள இரும்புக் கைபிடிகளைப் பற்றிக்கொண்டு பத்துப் படி ஏறுவதும், நின்று மூச்சு வாங்குவதுமாகத்தான் போக முடிந்தது. அங்கேதான், நான் நின்று இளைப்பாறிய ஒவ்வொரு தடவையும், என்னைக் கடந்து மேலே சென்றவர்களைக் கவனிக்க நேர்ந்தது. அவர்கள் யாத்திரிகர்கள் அல்லர். ஒருவருடைய தோளில் அரிசி மூடை. இன்னொருவருடைய முதுகில் எரிவாயு சிலிண்டர். வேறொருவர் போத்தல் தண்ணீரை அடுக்கிக் கட்டித் தலையில் வைத்திருந்தார். மலைமீதுள்ள கடைகளுக்கும் மடங்களுக்கும் வேண்டிய அனைத்தும், உச்சியில் நாம் வாங்கிக் குடிக்கும் தேநீருக்கான சீனி உட்பட, மனிதத் தோள்களிலேயே ஏறுகின்றது.

ஓர் இளைஞர் எனக்கு அருகில் சுமையை இறக்கி வைத்தார். கீழேயுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவர். உச்சியிலுள்ள மணியை, எத்தனையாவது முறையாக ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கமல்லவா? “தம்பி, நீர் எத்தனை தடவை மணி அடிக்க வேண்டும்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சாமான் தூக்குற நாளுக்குக் கணக்கு வைக்கிறதில்லங்க ஐயா. அத எல்லாம் அடிச்சா கடைக்குச் சாமான் போய்ச் சேராது” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் என்னால் அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நமது ஏற்றம் புண்ணியக் கணக்கில் சேர்கின்றது. அவருடைய ஏற்றம் எந்தக் கணக்கிலும் இல்லை.

மலையைச் சுமப்பவர்களைக் கணக்கில் சேர்க்காத வழக்கம் புதியதல்ல. 11 ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த முதலாம் விஜயபாகு மன்னன், சிறீபாத யாத்திரிகர்களின் வசதிக்காகச் செய்த ஏற்பாடுகளை அம்பகமுவ கல்வெட்டு எடுத்துரைக்கின்றது. நல்ல காரியங்கள்தான். அதே கல்வெட்டில், தாழ்ந்த சாதியினராகக் கருதப்பட்டோர் வழிபடுவதற்கெனக் கீழே தனியான மேடை அமைக்கப்பட்ட செய்தியும் இருக்கின்றது. பாதம் ஒன்றுதான், அதை வணங்க நிற்கும் இடங்கள்தான் வேறு.

இன்று அவ்வாறான மேடை கிடையாது. உச்சியில் எவரும் எவருக்குப் பக்கத்திலும் நிற்கலாம். ஆனால் மலையடிவாரத்துக்கு இறங்கினால் நிலைமை வேறு. தேயிலைச் சரிவுகளில், பிரித்தானியர் காலத்து லயன் அறைகளில், இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. 1948 இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்மூலம் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றவர் என்ற பெயரிலிருந்து விடுபட்ட மக்கள் இவர்கள். ஒரு நாளைக்கு 1,000 ரூபா சம்பளம் என்ற கோரிக்கைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021 இல்தான் அதனைப் பெற்றார்கள். 2023 இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று இடம்பெற்றது. அவர்களுடைய மூதாதையர் நடந்து வந்த வழி அது. இந்நாட்டின் நெடிய யாத்திரை எது என்று என்னிடம் கேட்டால் அதனைத்தான் சொல்வேன். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைச்சரிவுகள் இடிந்து வந்து உயிர்களைக் காவு கொண்டபோது, சரிவின் கீழே வீடு கட்டச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்களின் நிலை என்ன என்பதை நாடு மீண்டும் ஒருமுறை கண்டது.

காலை 10 மணிக்கு முன்னர் உச்சியை அடைந்தேன். இருபது பேர்கூட அங்கிருக்கவில்லை. அரோகரா என்ற குரலும் சாது என்ற குரலும் மாறி மாறிக் கேட்டன. தமிழருக்குச் சிவனொளிபாதமலை, சிங்களவருக்குச் சிறீபாத, தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குப் பாவாத மலை, மேற்கத்தியருக்கு ஆதாமின் சிகரம். சிவன், புத்தர், ஆதாம் ஆகியோரின் அடிச்சுவடு என அவரவர் நம்புகின்றனர். புனித தோமையாரோடு தொடர்புபடுத்தும் கிறிஸ்தவ மரபும் இருக்கின்றது. சிறிய பாறை உச்சி ஒன்றில் இத்தனை நம்பிக்கைகளுக்கும் இடம் இருந்திருக்கின்றது.

எப்போதும் சண்டையின்றி இருந்தது என்று சொல்ல மாட்டேன். 16 ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் இதனைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்ததாகவும், 18 ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் மீண்டும் பௌத்த துறவிகளிடம் கையளித்ததாகவும் சிங்கள வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கீர்த்தி சிறி இராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன் என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. இன்னும் பின்னே சென்றால், தமிழ்க் காப்பியமான மணிமேகலை இரத்தினத் தீவிலுள்ள சமந்தம் என்னும் மலையுச்சியில் புத்தரின் அடிச்சுவடு இருப்பதைச் சொல்கின்றது. ஆகவே பௌத்தம் சிங்களவருக்கு, சைவம் தமிழருக்கு என்று கத்தியால் வெட்டியது போலப் பிரிக்க முற்படுபவர்களுக்கு இந்த மலையின் வரலாறு ஒத்துழைப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 1344 ஆம் ஆண்டுக்குரியது. மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்கி, யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, ஆதாமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்கிறார். மன்னன் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் தன் ஆட்கள் பத்துப் பேரையும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் துணையாக அனுப்புகிறான். ஒரு தமிழ்ச் சைவ மன்னன், ஒரு முஸ்லிம் பயணியை, இந்து யோகிகள் வழிகாட்ட, சிங்கள நாட்டிலுள்ள மலைக்கு அனுப்பி வைத்தான். இதனைப் பெருந்தன்மை என்று எவரும் அன்று பறைசாற்றியதாகத் தெரியவில்லை. அது இயல்பாக இருந்தது. சுமை தூக்கிய பதினைந்து பேரையும் இப்னு பதூதா மறக்காமல் எழுதி வைத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாறையில் தொங்கிய பத்துச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும் அவர் விவரிக்கிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை ஓதத் தொடங்குவதால் அந்தப் பெயர். இலகுவான வழியால் ஏறுபவனை மலைக்குச் சென்றவனாக எவரும் மதிப்பதில்லை என்றும் எழுதுகிறார். இரண்டு வழிகளில் கடினமானதற்கே அக்காலத்தில் மதிப்பு இருந்தது.

இறங்கும்போது கண்ட வேறொன்றையும் சொல்லாமல் விட முடியாது. படிகளின் இருபுறமும், இருளில் வீசப்பட்ட பிளாஸ்டிக் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் பிஸ்கற் உறைகளும் காட்டுக்குள் சிதறிக் கிடந்தன. இந்த மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் நீர்தான் மஸ்கெலி ஓயாவாகி, மவுசாக்கலையில் தேங்கி, களனி கங்கையாகக் கொழும்பைச் சென்றடைகின்றது. தலைநகரின் குடிநீரில் பெரும்பகுதி களனியிலிருந்தே பெறப்படுகின்றது. நல்லதண்ணி என்று பெயர் வைத்த இடத்துக்கு மேலே நின்று குப்பையை எறிபவர், வீட்டுக்குத் திரும்பித் தனது சொந்தக் குழாயில் அதன் பலனைக் குடிக்கிறார். பகலில் ஒருவர் கண்முன்னே மற்றவர் இவ்வாறு எறிவது அரிது. வெளிச்சம் ஒழுக்கத்துக்கு உதவுகின்றது.

மலைமீது பழைய பண்பு முற்றாக அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் ‘கருணாவாய்’ என்று வாழ்த்துவது மரபு. கருணை கிட்டட்டும் என்பது அதன் கருத்து. முன்பின் அறியாதவர்கள், என் முகத்தைப் பார்த்துத் தமிழனா சிங்களவனா என்று கேளாமல், அந்தச் சொல்லைச் சொல்லிக் கடந்து சென்றார்கள். கீழே உள்ள நாட்டிலும் இந்த வழக்கம் இருந்திருந்தால் எமது கடந்த எழுபது ஆண்டுகளின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

வெளிநாடுகளில் வாழும் தமிழர் பலர் இப்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இலங்கை வருகின்றனர். அவர்களுக்கும் உள்நாட்டு வாசகர்களுக்கும் சில வார்த்தைகள். சித்திரை மாதத்தில் வார நாளொன்றைத் தேர்ந்தெடுங்கள். போயாவையும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள். விடியற்காலையில் புறப்பட்டு, நண்பகலுக்கு முன்னர் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். இக்காலத்தில் பிற்பகலில் முகில் திரண்டு இடியுடன் மழை பெய்வது வழமை. மின்னல் வேளையில் அந்த முகடு நிற்கத்தக்க இடமல்ல. இரும்புக் கைபிடிகள் அப்போது துணையாக இரா. கொண்டு சென்ற போத்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மேலே ஒரு கோப்பைத் தேநீரின் விலை கீழே உள்ளதை விடக் கூடுதலாக இருந்தால் பேரம் பேசாதீர்கள். அந்தச் சீனி எவ்வாறு மேலே வந்தது என்பதை நீங்கள் வழியில் கண்டிருப்பீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பருவகாலம் தொடங்கும் ஒவ்வொரு ஆண்டும் பாதுகாப்பு, போக்குவரத்து, மின்விளக்கு ஆகியன பற்றிக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. நல்லது. அக்கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் சுமை தூக்குவோரின் கூலி, ஒருவர் தூக்கக்கூடிய எடையின் எல்லை, விபத்துக் காப்புறுதி ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அந்தத் தோள்கள் ஒரு நாள் ஓய்வெடுத்தால் மலையில் எவருக்கும் ஒரு வாய்த் தேநீர்கூடக் கிடைக்காது என்பதை நினைவில் வைத்தாலே போதும்.

பாறையில் பதிந்துள்ள பாதம் சிவனுடையதா, புத்தருடையதா, ஆதாமுடையதா என்ற விவாதம் பல நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றது, இனியும் தொடரட்டும். அதில் எனக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு நாளும் சுமையோடு அந்தப் படிகளில் பதிகின்ற பாதங்கள் யாருடையவை என்பதில் எந்த விவாதமும் கிடையாது. பகல் வெளிச்சத்தில் ஏறும் எவரும் அவற்றைக் காணலாம்.